தோட்டத்துச் சாளையில் ஒரு ராத்திரி: கொங்கு நாட்டில் சாப்பிட்டுத் தங்கிவரப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் போனபோது மத்தியானம் ஒன்றரை மணி. முன்கூட்டிச் சொல்லாமல் நாலு பேராக ஒரு தோட்டத்து வாசலில் இறங்கி, "சாப்பிட என்னென்னங்க இருக்கு?" என்று கேட்டேன். அந்த அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சொல்லியிருந்தா இருந்திருக்குமுங்க" என்றார். அப்புறம் உள்ளே போய், சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து, அரை மணி நேரத்தில் அரிசியும்பருப்பும் என்கிற பருப்புச் சாதம் ஆக்கி, அப்பளம் பொரித்து, கெட்டித் தயிரோடு இலை போட்டார். பசி தீர்ந்தது. அந்த வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பையும், இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தவையையும் சாப்பிட அடுத்த தடவை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தவறு என்னுடையதுதான். ஓட்டல் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கொங்குப் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டைச் சாளை என்பார்கள். அந்தச் சாளையையே கொஞ்சம் விரித்து, இரண்டு மூன்று அறை கட்டி, தோட்டத்தில் விளைவதைச் சமைத்துப் போட்டு, ராத்திரி தங்கவும் இடம் கொடுக்கிற குடும்பங்கள் இப்போது பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, கோபி, சத்தி (சத்தியமங்கலம்), காங்கேயம் என்று பல பக்கம் இருக்கின்றன. இங்கே சமையல் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

எந்தப் பக்கம், எந்த மாதம்

இடத்தைத் தேடுவதற்கு முன் பக்கத்தை முடிவு செய்யுங்கள். கொங்கு நாடு முழுக்க ஒரே மண் இல்லை, ஒரே தண்ணீரும் இல்லை. இலையில் வருவதும் அதற்கேற்ப மாறும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைதான் ராஜா. குழம்பில் தேங்காய் தாராளமாக விழும், இளநீருக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருவதால் ஆனி, ஆடியில் சாரலும் குளிர்ச்சியும் இருக்கும். சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கவே போகலாம். ஆனால் அந்தக் காலத்தில் காய்கறி வகை கொஞ்சம் குறைவாக இருக்கும்.

கோபி பக்கம் நெல்லும் வாழையும் மஞ்சளும். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்களுக்கு நடுவில் தங்கினால், வெறும் சோறும் ரசமுமே தனி ருசியாகத் தெரியும். தை, மாசியில் போனால் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டிருப்பார்கள். அந்த வாசனையில் சாப்பிட்டவர்களுக்குப் பாக்கெட் மஞ்சள்தூள் அப்புறம் பிடிக்காது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்ததுதான்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் வறண்ட பூமி. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்ந்து, நடுவில் வெள்வேல மரங்கள் நிற்கிற மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். காங்கேயம் மாடும் ஆடும் அதில் மேய்ந்து வளர்கின்றன. ஆட்டுக்கறி சாப்பிட வேண்டும் என்றால் என் ஓட்டு இந்தப் பக்கத்துக்குத்தான். முருங்கைக்கும் மூலனூர், அரவக்குறிச்சிதான் பேர்போன ஊர்கள். ஒரு குறை: போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பருப்பு சீக்கிரம் வேகாது. நல்ல சமையல்காரர் குடிதண்ணீரிலேயே பருப்பு வேகவைப்பார்.

மாதத்தைப் பற்றிக் கேட்டால் நான் மார்கழியும் தையும் என்பேன். மழை முடிந்து, அவரை, பச்சை மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் ஒன்றாகக் காய்த்திருக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. நுங்கும் மாம்பழமும் இருந்தாலும் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது.

இடம் உண்மையானதுதானா

"ஃபார்ம்" என்று பெயர் வைத்திருப்பதெல்லாம் தோட்டம் ஆகாது. நீச்சல் குளம், பத்துப் பக்க மெனு, பன்னீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ் எல்லாம் இருந்தால் சாமான் பக்கத்து டவுனிலிருந்து வேனில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு சுகம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்த வழிகாட்டி வேண்டாம்.

போனில் இரண்டு கேள்வி போதும். "இப்ப தோட்டத்துல என்னங்க காய்ச்சிருக்கு?" என்று கேளுங்கள். யோசிக்காமல் நாலு காய் பெயர் சொன்னால் சரியான இடம். "எல்லாமே கிடைக்குமுங்க" என்றால் நான் அடுத்த நம்பரைப் பார்ப்பேன்.

இரண்டாவது கேள்வி கோழி பற்றியது. பல்லடம் கறிக்கோழிக்குப் பேர்போன ஊர், நாமக்கல் முட்டைக்கு. அந்த நடுவில் உட்கார்ந்துகொண்டு நாட்டுக்கோழி என்று யார் சொன்னாலும் கொஞ்சம் விசாரிப்பதில் தப்பில்லை. கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும். மேய்ந்து திரிகிற நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். அதன் கறி வேக ஒரு மணி நேரமாவது வேண்டும். ஆகவே, "எவ்வளவு நேரத்துல ரெடி ஆகுமுங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "அரை மணி நேரம்" என்ற பதில் வந்தால் அது எந்தக் கோழி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு இடத்தில் நாட்டுக்கோழி விலை வாங்கிக்கொண்டு பண்ணைக் கோழியைப் போட்டார்கள். எலும்பைக் கடித்ததும் பொடிந்தது. நாட்டுக்கோழி எலும்பு அப்படிப் பொடியாது.

போன் பேசுவது: இதில்தான் எல்லாம் இருக்கிறது

குறைந்தது ஒரு நாள் முன்னதாக, பொழுது சாய்வதற்குள் கூப்பிடுங்கள். காரணம் கோழிதான். பகலில் மேயும் கோழியைத் துரத்திப் பிடிக்கப் போனால் அது தோப்பையே ஒரு சுற்றுச் சுற்ற வைக்கும். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்த பிறகு கையை விட்டு எடுத்துக் கூடையில் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கம். நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு நாளை மத்தியானத்துக்குக் கோழி கேட்டால், ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.

சந்தவையும் அப்படித்தான். அரிசி ஊறவேண்டும், ஆட்டவேண்டும், இட்லியாக வேகவைக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் சந்தவை மரம் என்கிற அச்சில் வைத்துப் பிழிய வேண்டும். பிழிய ஒருவர், தட்டம் பிடிக்க ஒருவர். காலையில் எழுந்து "சந்தவை கிடைக்குமா" என்றால் கிடைக்காது. கச்சாயம், ஒப்புட்டு போன்ற பலகாரம் வேண்டுமென்றாலும் இதே கதை.

பேச்சு இப்படிப் போனால் நல்லது:

"அக்கா, நாளைக்கு மத்தியானம் நாலு பேர் வர்றோமுங்க. ராத்திரி தங்கிட்டு அடுத்த நாள் காலைல கிளம்பறோம்."

"வாங்க, வாங்க. அவரக்கா இருக்குது, தட்டப்பயிறு இருக்குது, கீரை எப்பவும் இருக்கும். கோழி புடிக்கட்டுங்களா?"

"ஒண்ணு புடிங்க. ஒருத்தருக்கு மட்டும் கறி ஆகாதுங்க. காலைல சந்தவை முடியுங்களா?"

"ஊறப் போட்டர்றனுங்க. காரம் எப்படி, சின்னப் பசங்க இருக்கறாங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர்களாகவே கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

இதே போனில் விலையையும் பேசிவிடுங்கள். அறை வாடகையில் சாப்பாடு சேருமா, இலைக்கு இவ்வளவா, கோழிக்குத் தனியா என்று. போய்ச் சாப்பிட்ட பிறகு கேட்டால் பல வீடுகளில் "குடுக்கறதக் குடுங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் சங்கடப்படுவதுதான் மிச்சம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி சனிக்கிழமைகளில் பல வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பூச்சாட்டித் தொடங்கிவிட்டால் சில ஊர்களில் நோம்பி முடிகிறவரை கறிச்சட்டியே அடுப்பில் ஏறாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் போய் முகம் சுளிக்க வேண்டாம். மற்றபடி, நோம்பி நேரத்தில் சைவச் சாப்பாடு சாப்பிடக் கிடைத்தால் அதுவும் நல்ல யோகம்தான்.

வழி

மேப்பை முழுதாக நம்பாதீர்கள். அது தோட்டத்தின் பின்வேலியில் கொண்டுபோய் விட்டுவிட்டு "வந்து சேர்ந்தீர்கள்" என்று சொல்லும். எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மெயின் ரோட்டிலிருந்து கிளைச்சாலை பிரிகிற இடமெல்லாம் ஏதோ ஓர் ஊர்ப் பிரிவுதான். பஸ் கண்டக்டருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். பிரிவுக்கு அப்புறம் பால் சொசைட்டி, தண்ணி டேங்க், வேப்பமரம் என்று அடையாளம் சொல்லுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அரை கிலோமீட்டர் பெரும்பாலும் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற தடம். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான். பெரிய காராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சத்தியிலிருந்து மேலே தாளவாடிப் பக்கம் போகிறவர்கள், திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதை மறக்கக் கூடாது. ஆனைமலை அடிவாரம், தடாகம் போன்ற இடங்களில் யானை வரும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள். சாப்பிட்ட பிறகு "காலாற ஒரு நடை" என்று டார்ச்சோடு கிளம்புவதெல்லாம் வேண்டாம்.

இலையில்

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து, கை கால் கழுவி, ஒரு மோரோ இளநீரோ குடித்து உட்கார்ந்தால் ஒரு மணிக்கு இலை விழும். சில வீடுகளில் வட்டலில்தான் போடுவார்கள். வட்டல் என்றால் தட்டு.

களி வந்தால் பயப்படாதீர்கள். ராகிக் களியோ கம்பங்களியோ, உருண்டையின் நடுவில் விரலால் குழி பண்ணி அதில் குழம்பை ஊற்றச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து சின்னதாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டி, ஏன் கேட்டோம் என்று ஆகிவிடும். கூட வருவது கீரைக் கடைசலோ, தட்டைப்பயறுக் குழம்போ, நாட்டுக்கோழிக் குழம்போ. நாட்டுக்கோழிக் குழம்பு இந்தப் பக்கம் தண்ணியாகத்தான் இருக்கும். ஓட்டல் கிரேவி மாதிரி கெட்டியாக இல்லையே என்று நினைக்கக் கூடாது. மேலே மிதக்கிற மஞ்சள் நிறக் கொழுப்பைப் பார்த்து, களியில் ஊற்றிச் சாப்பிட்டால் அது ஏன் அப்படி என்று புரிந்துவிடும்.

கொள்ளைத் தவறவிடாதீர்கள். ஒரே கொள்ளில் இரண்டு பதார்த்தம் பிறக்கும். வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைப்பார்கள், வெந்த பயறைப் பூண்டு, சீரகம், மிளகாயோடு கடைந்து கொள்ளுப் பருப்பு ஆக்குவார்கள். சுடுசோற்றில் கொள்ளுப் பருப்பைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, அடுத்த சோற்றுக்கு ரசம் வாங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் சாப்பிட்ட என் சென்னை நண்பன் ஒருவன் இன்னும் கொள்ளு பிடிக்காது என்று சொல்லித் திரிகிறான்.

வறுவல் கேட்டீர்கள் என்றால் பள்ளிபாளையம் பாணியில் செய்யச் சொல்லலாம். காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதையை உதறி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள்தூள், உப்பு. அவ்வளவுதான். கரம் மசாலா வாசனை வந்தால் யாரோ அதிகப்படியாக யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சோறு வைக்கும்போது "போதும்" என்பதற்கு இங்கே பொருள் கொஞ்சம் தளர்ச்சியானது. முதல் "போதுமுங்க" வெறும் மரியாதைக்கு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி விழும். உண்மையிலேயே போதும் என்றால் இலைக்கு மேலே கையைக் குறுக்காக நீட்டுங்கள். வயிற்றில் தயிருக்கு இடம் வையுங்கள், கடைசியில் கட்டாயம் வரும். ஊத்துக்குளிப் பக்கம் என்றால் வெண்ணெயும் கேட்டுப் பார்க்கலாம்.

பரிமாறுகிறவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற தயக்கம் சிலருக்கு வரும். அக்கா, அம்மா, அண்ணா, ஐயா எது வேண்டுமானாலும் சரி, வாக்கியத்தின் கடைசியில் ஒரு "ங்க" இருக்கட்டும். "தண்ணி குடுங்க" என்பதை விட "தண்ணி குடுங்களேனுங்க" கொஞ்சம் கூடுதல் பலன் தரும். அவர்கள் உங்களை ஒறம்பரை என்றால் சந்தோஷப்படுங்கள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கான சொல் அது.

பொழுதோடும் (சாயங்காலம்) ராத்திரியும்

சாப்பிட்டதும் தூக்கம் வரும், தூங்குங்கள். நாலு மணிக்கு மேல் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். கேட்காமல் எதையும் பறிக்காதீர்கள். பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் விவசாயியிடம் பேச்சுக் கொடுக்க ஒரு நல்ல வழி: "இந்த வருஷம் உங்க மண்டலத்துக்குத் தண்ணி முறை வந்துதுங்களா?" பரம்பிக்குளம் ஆழியாறுத் தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் வரும். தென்னையில் வெள்ளை ஈ, வேர்வாடல் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் இலையில் விழுந்த தேங்காய்க்குப் பின்னால் இருக்கிற கவலை அது.

"கள் கிடைக்குமா?" என்ற கேள்வி வேண்டாம். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கேட்டு அவர்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாடு லேசாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் அரிசியும்பருப்பும், மேலே ஒரு கரண்டி நெய். சளி பிடித்திருந்தால் செலவு ரசம் கேளுங்கள். இங்கே "செலவு" என்றால் ரசத்துக்கும் குழம்புக்கும் போடும் மசாலாச் சாமான்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான படுக்கை, சென்னிமலைப் போர்வை, கீழே பவானி ஜமக்காளம், சுடுதண்ணீர் இருந்தால் போதும். கொசுவத்தி நீங்களே கொண்டுபோங்கள். ஓட்டு வீட்டில் பல்லி விழும், மோட்டார் ராத்திரியில் ஓடும், விடிவதற்கு முன்னாலேயே மயில் அகவும். மயில் இங்கே அழகுக்கு இல்லை, பயிருக்குத் தொல்லை. நீங்கள் போட்டோ எடுக்கும் மயிலை வீட்டுக்காரர் கல்லெடுத்து விரட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

காலையும் கணக்கும்

சந்தவை பிழியும்போது சமையலறைக்குப் போய் நில்லுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. தட்டம் பிடிக்கக் கை கொடுத்தால் இன்னும் நல்லது. முதல் தட்டம் வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலோடு, இரண்டாவது எலுமிச்சை தாளித்தது. மூன்றாவதுக்கு இடமிருந்தால் எள்ளுப்பொடியும் சர்க்கரையும்.

கிளம்பும்போது பணத்தைக் கையில் வைத்திருங்கள். தோப்புக்குள் சிக்னல் கிடைக்காமல், கூகுள் பே சுற்றிக்கொண்டே இருக்க, மாமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். சமையலுக்கு உதவிய ஆட்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க விரும்பினால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வாங்கிவர வேண்டியது: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், விரலி மஞ்சள், கொள்ளு. கோபி, பவானிப் பக்கம் போயிருந்தால் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் வாங்குகிறார்கள்.

இதெல்லாம் போக, காரில் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாக ஒரு கட்டு முருங்கைக்காய் உள்ளே வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விலையும் கேட்காதீர்கள். அடுத்த தடவை எப்போது என்று அவர்கள் கேட்பார்கள். தேதி தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், கோழியை மனதில் வைத்துக்கொள்வார்கள்.